ராத்திரி சாப்பிடாமலே காலையில் ஏறும் சர்க்கரை

(திட்டக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வைத்தியநாதர் குடியிருக்கும் ஊரில் வைத்தியம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவரின் நினைவாக ஊருக்குப் பயன்படும் பேச்சு ஒன்று ஆண்டுதோறும் நடக்கட்டும் என்று பணம் ஒதுக்கிய குடும்பத்தாருக்கு என் நன்றி.

வெள்ளாற்றின் இரு கரையிலிருந்தும் வரும் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். "ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சார் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் வாயில வைக்கல. காலையில வெறும் வயித்துல பார்த்தா நூத்தி எழுவத்தெட்டுன்னு காட்டுது. சாப்பிடாம எங்கேயிருந்து சார் ஏறுது?"

கூட வந்த மகன் உடனே சொல்வான்: "இல்ல சார், யாருக்கும் தெரியாம எதையாவது தின்னிருக்கும்." வெட்கத்தோடு சொல்கிறேன், மருத்துவர்களாகிய நாங்களும் பல நேரம் மகன் பக்கம்தான் சேர்ந்துகொள்கிறோம். "வாயைக் கட்டுங்கம்மா" என்று ஒரு வரி சொல்லி, மாத்திரையைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அடுத்த முறை பரிசோதனைக்கு வருவதற்கு முன் இரண்டு நாள் அரைப் பட்டினி கிடந்து வருகிறார். அதற்கடுத்த முறை வருவதே இல்லை.

அவர் சொன்னது உண்மை. ராத்திரி ஏறிய சர்க்கரை அவர் வாய் வழியாக வரவில்லை. அவருடைய கல்லீரலே உண்டாக்கி ரத்தத்தில் விட்டது. அப்படி விடச் சொன்னவை அவர் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள்.

நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். ஆரோக்கியமாக இருப்பவரின் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் அதில் இருக்கும் சர்க்கரை 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் வேண்டும். நாம் தூங்கினாலும் மூளை தூங்காது, இதயம் நிற்காது. ஆகவே கல்லீரல் அந்த ஒரு ஸ்பூனை ராத்திரி முழுக்க நிரப்பிக்கொண்டே இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவரின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 கிராம் விடும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் அது 50 கிராமைத் தாண்டிவிடும். இது ஆரோக்கியமானவரின் கணக்கு. சர்க்கரை நோயில் இந்த அளவு இன்னும் கூடுகிறது.

நம் வெலிங்டன் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். தொழுதூரில் தடுத்துத் திருப்பிய வெள்ளாற்றுத் தண்ணீர் வந்து ஏரி நிரம்புகிறது. வயல் காயும்போது மதகு திறக்கிறார்கள். கல்லீரலும் சாப்பிட்டவுடன் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு, பட்டினியில் திறந்துவிடும் ஏரிதான். மூடு என்று உத்தரவு போடுவது இன்சுலின், திற என்று உத்தரவு போடுவது குளுக்ககான். இரண்டு உத்தரவும் கணையம் என்ற ஒரே அலுவலகத்திலிருந்து வருகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் மூடு என்ற உத்தரவு மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் காதில் சரியாக விழுவதில்லை. திற என்ற உத்தரவோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் வயல் நிரம்பி நிற்கும்போதும் மதகு திறந்தே கிடக்கிறது.

இன்சுலினை எல்லாருக்கும் தெரியும். 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் அதனால் பிழைத்தான். அந்தக் கதையை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. குளுக்ககான் கதையை யாரும் சொல்வதில்லை. 1923இலேயே அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிம்பலும் முர்லினும் கணையச் சாற்றில் சர்க்கரையைக் குறைக்கும் பொருளோடு, ஏற்றும் பொருள் ஒன்றும் இருப்பதைக் கண்டு அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் அதை ஒதுக்கியே வைத்திருந்தது. குறை எல்லாம் இன்சுலினில்தான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்கள் நியூயார்க்கில் வேலை செய்த ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். ரத்தத்தில் இருக்கும் மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் கதிரியக்கத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1960 வாக்கில் கண்டுபிடித்தார்கள். நடுவயதில் வரும் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தை அளந்தபோது, பலருக்கு இன்சுலின் இல்லாமல் போகவில்லை. ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாகவே இருந்தது. இருந்தும் வேலை நடக்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார்.

டெக்சாஸில் ரோஜர் அங்கர் என்ற மருத்துவர் அதே முறையால் குளுக்ககானை அளந்தார். ஆரோக்கியமானவர் சோறு சாப்பிட்டால் குளுக்ககான் இறங்க வேண்டும். வெளியிலிருந்து சர்க்கரை வரும்போது கல்லீரல் எதற்குத் திறக்க வேண்டும்? சர்க்கரை நோயாளிக்கு அது இறங்குவதில்லை. சிலருக்குச் சாப்பிட்ட பிறகு ஏறவும் செய்கிறது. சர்க்கரை நோய் இரண்டு ஹார்மோன்களின் சமநிலை கெட்ட நோய் என்று 1975இல் அங்கரும் அவருடைய சக ஆய்வாளர் ஓர்ச்சியும் எழுதினார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் நம் கிராமங்களில், ஏன் நகரத்து மருத்துவமனைகளிலும், சர்க்கரை என்றால் சாப்பாட்டுப் பேச்சு ஒன்றுதான் நடக்கிறது.

இதில் உடனே பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. மெட்பார்மின் மாத்திரை முக்கியமாக வேலை செய்யும் இடம் கல்லீரல். மதகைக் கொஞ்சம் இறுக்கிவிடுவது அதன் வேலை. "ராத்திரி சாப்பாடு கம்மிதானே, மாத்திரை எதுக்கு" என்று பலர் இரவு மெட்பார்மினை விட்டுவிடுகிறார்கள். காலை அளவு ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சாப்பாடு கொஞ்சமானாலும் ராத்திரி கல்லீரல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்த மாத்திரை அதற்கானது. எல்லாச் சர்க்கரை மாத்திரைக்கும் இது பொருந்தாது. விட்டால் ஆபத்து, சாப்பிடாமல் போட்டால் ஆபத்து என்று இரண்டு ஜாதி மாத்திரை உண்டு. இரண்டாவது ஜாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடியற்காலம் மூன்று நான்கு மணிக்கு மேல் இன்னும் சில ஹார்மோன்கள் வந்து சேருகின்றன. உறக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஒன்று. உடம்பை எழுப்பத் தயார் செய்யும் கார்டிசால் இன்னொன்று. இரண்டும் சர்க்கரையை ஏற்றுபவை. ஆர்ஜென்டினாவின் பெர்னார்டோ உசாய், கணையம் எடுத்த நாய்களுக்கு இந்த இரண்டு ஹார்மோன்களையும் ஆளும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் தணிகிறது என்று காட்டி 1947இல் நோபல் பரிசு வாங்கினார். எதிர்த்திசையில் இழுக்கும் கை ஒன்றை விலக்கினால் தராசு சமநிலைக்கு வருகிறது என்று அன்றே தெரிந்துவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு 130, காலை ஆறு மணிக்கு 170 என்று இருப்பவரிடம் போய் நடுராத்திரியில் என்ன தின்றாய் என்று கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! நெய்வேலியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கடிகாரமே இடம் மாறிப்போகிறது. பல ஆண்டுகள் முறைமாற்றி ராத்திரி வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கார்டிசால் என்றதும் நம் பகுதியில் நாள்தோறும் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. செட் மாத்திரை. மூட்டுவலி, இடுப்புவலி, இளைப்பு, உடம்பு வலி எதுவானாலும் கடையில் போய் "ஒரு செட் குடுங்க" என்றால் நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, அட்டை கிடையாது. அதில் பெரும்பாலும் ஒரு சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கும். கார்டிசாலின் வேலையை, அதைவிடப் பல மடங்கு வலுவாகச் செய்யும் மருந்து அது. வலி அன்றைக்கே பறந்துவிடும். கரும்பு வெட்டப் போகிறவருக்கும் பருத்தி எடுக்கப் போகிறவருக்கும் அதுதானே வேண்டும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை 300ஐத் தாண்டும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. ஸ்டீராய்டு பெரும்பாலும் பிற்பகலில்தான் சர்க்கரையைத் தூக்கும். கண் மங்கல், ஆறாத புண் என்று ஒரு பெரியவர் வந்தார். மேல்சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய காகித மடிப்பில் மஞ்சள், ரோஸ், வெள்ளை என்று மாத்திரைகள். வெள்ளை மாத்திரையைச் சுட்டி, "இது போட்டாத்தான் சார் எழுந்து நிக்க முடியுது" என்றார். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் கார்டிசாலைச் சுரப்பதை நிறுத்திவிடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வராதவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்பதுதான்.

இனிக் குடலுக்கு வருவோம். நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதி இது. 1960களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அளவு குளுக்கோஸை ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் நரம்பில் ஏற்றினார்கள். குடித்தபோது சுரந்த இன்சுலின் ஏற்றியபோது சுரந்ததைவிட மிக அதிகம். குடலுக்கு ஏதோ தெரிகிறது. சாப்பாடு வருகிறது என்று கணையத்துக்கு முன்கூட்டியே சேதி சொல்கிறது. சாப்பிட்டபின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கும் மேல் இந்தச் சேதியால் சுரப்பது. அந்தச் சேதியைச் சுமந்து போகும் குடல் ஹார்மோன்களில் முக்கியமான ஒன்று ஜிஎல்பி-1. அது இன்சுலினைக் கூட்டும், குளுக்ககானைக் குறைக்கும், வயிறு சீக்கிரம் காலியாகாமல் நிறுத்தும், போதும் என்ற நிறைவை மூளைக்குச் சொல்லும். சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடும் மங்கிவிடுகிறது.

நம் உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி ஒன்று உண்டு. அதன் எச்சிலில் இதைப் போலவே வேலை செய்து, நெடுநேரம் சிதையாமல் நிற்கும் ஒரு பொருளை 1992இல் ஜான் எங் கண்டுபிடித்தார். 2005இல் அது மருந்தாக வந்தது. இன்று எடை குறைக்கும் ஊசி என்று பத்திரிகைகளில் அடிபடுபவை ஜிஎல்பி-1ஐப் போல வேலை செய்யும் அதே வழியில் வந்தவைதான். அவற்றில் ஒன்றான டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. நல்ல மருந்துகள், பருமனாக இருப்பவர்களுக்குச் சர்க்கரையையும் எடையையும் சேர்த்துக் குறைக்கின்றன. ஆனால் மாதச் செலவு நம் விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒல்லியாக இருப்பவருக்குத் தசையும் சேர்ந்து கரையும். மருத்துவர் பார்க்காமல் யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.

எட்டக்கூடியது ஒன்று இலையிலேயே இருக்கிறது. நம் பழக்கம், சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டு, காயைத் தொட்டுக்கொள்வது. காயையும் பருப்பையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே சோற்றைக் குறைவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை கணிசமாகக் குறையும். ஜிஎல்பி-1 முந்திக்கொள்கிறது, வயிறு மெதுவாகக் காலியாகிறது. மருந்துக்கு இது ஈடு ஆகாது. மருந்தோடு சேர்ந்து உதவும். நம் கொல்லைகளில் விளையும் வரகு, கம்பு பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றிலும் இருப்பது மாவுச்சத்துதான். நார் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். அதையே நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்து இரண்டு சொம்பு குடித்தால் அந்த நன்மையில் பாதி போய்விடும். வரகுச் சோறாக, அளவாக, காயோடு சாப்பிடுங்கள்.

இப்போது நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது ஜாதி மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. விலை குறைவு, வேலை வேகம். சாப்பாடு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் காலை ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வரப்பில் நடந்து ஏரிக்கரை போய் மண் வெட்டத் தொடங்குகிறார். தூக்குச் சட்டியைத் திறப்பது பதினோரு மணிக்கு. பத்து மணிக்கே கைகால் வெலவெலக்கிறது, படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் "பித்த மயக்கம்" என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்து நிழலில் படுக்க வைக்கிறார்கள். அது பித்தம் இல்லை. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டது. அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணிதான் அந்த வியர்வையும் நடுக்கமும். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 108. இந்த ஜாதி மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தோடு கட்டிப்போட வேண்டும். வேலைக்குப் போகும் நேரம், சாப்பிடும் நேரம் என்ன என்று கேட்காமல் இதை எழுதுவதே தவறு.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி வந்துச்சு?" இதுவும் நம் ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் படத்தையே 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்போ, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். நம் மக்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், தசை குறைவு. தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு உட்காராமல் கால் மணி நேரம் நடக்கச் சொல்வது அதனால்தான். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்பார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான்.

2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அதே குழுவின் முந்தைய கணக்கில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 36 பேர். மற்ற 64 பேரும் வாயைக் கட்டாதவர்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; நான் மனமாரப் பாராட்டும் திட்டம். ஆனால் மாத்திரை மாதாமாதம் வந்தும் அளவு இறங்காதவருக்கு, இறங்காத காரணத்தைத் தேடிப் பார்க்க ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். தைராய்டு பார்த்தார்களா, வலி மாத்திரை உண்டா, தூக்கம் எப்படி, மாதவிடாய் நின்றதா, சாப்பிட்ட பின் அளவு என்ன, மூன்று மாதச் சராசரி என்ன?

கடைசியாக, வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் ஒரு கோரிக்கை. ஹார்மோன் சர்க்கரையை என்ன செய்யும் என்பது கர்ப்பத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். பிள்ளைக்கு உணவு போக வேண்டும் என்பதற்காக, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மழுங்கடிக்கின்றன. கணையம் ஈடுகொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. பேராசிரியர் சேஷய்யா பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140ஐத் தொட்டால் சிகிச்சை. பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்ணை மனத்தில் வைத்து வகுத்த முறை அது.

பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி போய்விடுகிறது, சர்க்கரை இறங்கிவிடுகிறது. அதோடு அந்தத் தாயை எல்லாரும் மறந்துவிடுகிறோம். அவரும் மறந்துவிடுகிறார். அடுத்த பத்து ஆண்டுகளில் இரண்டாம் வகை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது அவருக்குத்தான். பிரசவமாகி ஆறாவது வாரத்தில் அவருக்கு மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதற்கென்று தனியாக வரச் சொன்னால் கைக்குழந்தையோடு யார் வருவார்கள்? ஆனால் அதே ஆறாவது வாரத்தில் பிள்ளைக்குப் பென்டா ஊசி போட அவர் துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டாயம் வருகிறார். அன்றைக்கே காலையில் தாய்க்கும் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் அந்த ஊசிக்குப் பக்கத்திலேயே தாயின் சர்க்கரை அளவை எழுத ஒரு கட்டம் அச்சடித்துக் கொடுக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வோம். அச்சு வரும் வரை பேனாவால் எழுதுங்கள்.